அச்சுக்காக ஏங்கிய பாபேஜ்

ஃபோர்ட்ரான் படித்த சீனியர்களுக்கு நினைவிருக்கும்: லைன் பிரிண்டருக்குப் போகும் வரியில் முதல் எழுத்து அச்சாகாது, அது பேப்பரை நகர்த்தும் கட்டளை. விடையின் 1 தெரியாமல் அந்த இடத்தில் விழுந்தால் போச்சு! இலக்கம் காணாமல் போகும், பேப்பரும் அடுத்த பக்கத்துக்கு ஓடும். கணக்கு சரி, அச்சு தப்பு. இந்தக் கவலையிலேயே ஆயுளைக் கழித்தவர் சார்லஸ் பாபேஜ்.

1791-இல் லண்டனில் பிறந்தார். 1821-இல் நண்பர் ஜான் ஹெர்ஷலோடு உட்கார்ந்து வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது பிழைமேல் பிழை. கணக்குப் போடுபவர், நகலெடுப்பவர், அச்சுக் கோர்ப்பவர் என்று ஆளுக்கொரு தவறு. இப்படிப்பட்ட அட்டவணைகளை நம்பித்தான் அன்று கப்பல்கள் கடலில் போயின. ஆகவே கணக்குப் போடும் யந்திரமே அச்சும் பதிக்க வேண்டும், நடுவில் மனிதக் கை படக்கூடாது என்று தீர்மானித்தார். அதுதான் டிஃபரன்ஸ் எஞ்சின்.

அரசு 17,000 பவுனுக்கு மேல் கொட்டியது. யந்திரம் செய்த கிளெமென்டோடு பணத்தகராறு. 1833-இல் வேலை நின்றது. 1842-இல் அரசும் கைவிட்டது. மனுஷர் விட்டாரா? 1847-49-இல் இரண்டாவது எஞ்சினுக்கு, பிரிண்டரையும் சேர்த்தே, வரைபடம் போட்டார். தம் எஞ்சின் ஒரு வரி அச்சடிப்பதைக்கூடப் பார்க்காமல் 1871-இல் காலமானார்.

அதே வரைபடங்களை வைத்து லண்டன் சயின்ஸ் மியூசியத்தார் 1991-இல் கணக்குப் பகுதியையும், 2002-இல் பிரிண்டரையும் செய்து முடித்தார்கள். பேப்பரில் அச்சடித்தது, அச்சுத் தகடு வார்ப்பதற்காகப் பிளாஸ்டர் தட்டிலும் இலக்கங்களைப் பதித்தது.