பாட்டையே பள்ளியாக்கிய அடிகளார்

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் கரையோரப் பங்குகளில் வியாகுலப் பிரசங்கத்தின் சோக இராகம் ஒலிக்கத் தொடங்கும். எழுத்தறியாத பாட்டிமாரும் ஆண்டவரின் பாடுகளை வரிசை தவறாமல் சொல்வது அந்த இராகத்தின் துணையினால்தான். இச்செல்வத்தை நமக்கு விட்டுச் சென்றவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார்.

பாட்டினால் விசுவாசத்தைப் புகட்டும் வழக்கம் மிகப் பழைமையானது. மத்திய கால ஐரோப்பாவில் உழவரும் கைவினைஞரும் நூல் எதையும் வாசித்தறியார். திருப்பலியின் இலத்தீன் மொழியும் அவர்களுக்கு விளங்காது. ஆலயச் சுவர் ஓவியங்களும், வீதியில் நடிக்கப்பட்ட திருப்பாடுகளின் காட்சிகளும், தாய்மொழிப் பாடல்களுமே அவர்களுக்கு மறைநூலாயின. புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரேச்சியோவில் குடில் அமைத்து இயேசு பிறப்பைக் கண்முன் நிறுத்தினார். பின்னர் தம் நாட்டு மக்களின் பேச்சுமொழியிலேயே இறைபுகழ் பாடினார். சிலுவையடியில் நின்ற அன்னையின் துயரைப் பாடும் இலத்தீன் பாடலும் அந்த 13ஆம் நூற்றாண்டுக்கே உரியது. அந்த மரபு கடல் கடந்து நம் கரையை அடைந்த வரலாறே அடிகளாரின் வாழ்க்கை.

அவர் 1676ஆம் ஆண்டு கோவாவிலுள்ள தீவார் என்னும் தீவில் பிறந்தார். மெய்யியலும் இறையியலும் கற்றுக் குருவாகி, ஒரட்டோரியன் சபையில் இணைந்தார். அந்நாளில் இலங்கைக் கத்தோலிக்கர் பெருந்துன்பத்தில் இருந்தனர். போர்த்துக்கீசரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களை வெளியேற்றினர். மேய்ப்பனற்ற மந்தையைத் தேடி 1687இல் வந்தவர் புனித யோசேப் வாஸ் அடிகளார். அவருக்குத் துணையாகவே 1705இல் கொன்சால்வெஸ் அடிகளார் மன்னார்க் கரையில் வந்திறங்கினார்.

கல்வியில் சிறந்த அக்குரு இங்கு வந்ததும் மீண்டும் ஒரு மாணவரானார். தமிழையும் சிங்களத்தையும் ஆழ்ந்து கற்றார். மக்கள் எந்த மெட்டில் மகிழ்ச்சியைப் பாடுகிறார்கள், இறந்தவருக்காக எவ்வாறு புலம்புகிறார்கள் என்பதையெல்லாம் செவிமடுத்தார். அதன்பின்னரே எழுத்தாணியை எடுத்தார். தமிழில் வியாகுலப் பிரசங்கம், கிறிஸ்தியானி ஆலயம் முதலிய நூல்களைத் தந்தார். சிங்களத்தில் உரைநடை நூல்களோடு பல பாடல்களையும் இயற்றினார். அவற்றுள் ஒன்றின் பெயர் ஆனந்தக் களிப்பு. நம் தமிழ்ப் பாவகையின் பெயரைச் சிங்களப் பாடல் தாங்கி நிற்பது, அவர் இரு மொழியினரையும் ஒரே குடும்பமாகக் கண்டதற்குச் சான்றாகும்.

அந்நூல்கள் அச்சேறவில்லை. ஓலையில் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகச் சென்றன. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாயிருந்த ஊர்களில், ஓர் ஓலைச்சுவடியும் அதைப் பாடத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கிடைத்துவிடும். ஓலையைப் பறிக்க வருகிறவனாலும் நெஞ்சில் பதிந்த பாட்டைப் பறிக்க முடியவில்லை. தடைக்காலம் நெடுகிலும் விசுவாசம் அணையாதிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1711இல் யோசேப் வாஸ் அடிகளார் கண்டியில் மறைந்தபின்னும் இவரது உழைப்பு தளரவில்லை. 37 ஆண்டுகள் இத்தீவில் பணியாற்றி, 1742ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் போலவத்தையில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர் நம் புத்தளம் மாவட்டத்திலேயே உள்ளது. அவரது உடல் அங்குள்ள ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

குறிஞ்சிப்பிட்டி முதலாகக் கற்பிட்டிக் கரையில் வாழும் நாம் நம்மையே கேட்டுப் பார்ப்போம். பாட்டி அறிந்த புலம்பலைப் பேத்தி அறிவாளா? இன்று நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால் நெஞ்சில் பதிவது குறைந்துவருகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு புனிதரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அதைத் தாங்களே பாட்டாக எழுதும்படி விடுவோம். அசிசியாரின் காலத்தில் ஏழை எப்படி வாழ்ந்தான், தொழுநோயாளி எங்கே ஒதுக்கப்பட்டான், செல்வந்தரின் மகன் ஏன் தன் உடையைக் களைந்து கொடுத்தான் என்று தேடி அறிந்தாலன்றி ஓர் அடியும் எழுத வராது. தேடி எழுதியது மறக்காது. கூடிப் பாடியது அழியாது.

வரும் தவக்காலத்தில் வீட்டுப் பெரியவர்களின் அருகில் பிள்ளைகளை அமர்த்தி, அந்த இராகத்தைக் கற்கச் செய்வோம். அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.