முட்டையை மட்டும் பார்த்து புழுவுக்குப் பெயர் வைத்தவர்! யார் இந்த ஆசா சாண்ட்லர்?

கொல்லிமலை நெல் வயலில் சிக்கும் ஒரு எலிக்குள்ளே தட்டைப்புழு இருந்தா, அது எந்த இனம்னு எப்படிச் சொல்வாங்க? பார்த்ததுமே சொல்லிடலாம்னு தோணும். ஆனா அது அவ்வளவு சுலபமில்லை. ஆசா சாண்ட்லரின் கதையே அதுக்கு உதாரணம்.

யார் இவர்?

1891-ல் பிறந்த அமெரிக்க ஒட்டுண்ணியியல் விஞ்ஞானி. 1919 முதல் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் கல்வி நிறுவனத்தில் பணியாற்றினார். இவர் எழுதிய ஒட்டுண்ணியியல் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. 1924 முதல் 1927 வரை கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கொக்கிப்புழு ஆய்வு செய்தார்.

அங்கே என்ன நடந்தது?

மனித மலம் என்று வந்த மாதிரிகளில் வித்தியாசமான முட்டைகள் தெரிந்தன. ஒரு பக்கம் தட்டை, முனை அருகே சின்ன முள். ரத்தக்குழாயில் வாழும் தட்டைப்புழுவின் முட்டைதான், ஆனா தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புழுவைக் கண்ணால் பார்க்காமலேயே, மனிதரைத் தாக்கும் புதிய இனம் என்று 1926-ல் அறிவித்தார். வைத்த பெயர் ஷிஸ்டோசோமா இன்காக்னிட்டம். அடையாளம் தெரியாதது என்று அர்த்தம்!

சென்னையில் கிடைத்த புழு

1933-ல் சென்னையைச் சேர்ந்த ராவ், அய்யர் இருவரும் பன்றிகளில் கிடைத்த ரத்தத் தட்டைப்புழுவுக்கு ஷிஸ்டோசோமா சூயிஸ் என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒரே இனம் என்பது பிறகுதான் உறுதியானது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. அதனால சாண்ட்லர் வைத்த பெயரே நிலைத்தது. ஆனா அது மனித நோய் என்பது நிற்கவில்லை. அவருக்கு வந்தது பன்றியின் மலமாக இருந்திருக்கலாம் என்றே இன்று கருதப்படுகிறது.

எலி எங்கே வருது?

தாய்லாந்து, இந்தோனேசியாவில் இதே புழு காட்டு எலிகளிலும் கிடைத்தது. இங்கேதான் சிக்கல். ஒரே இனப் புழு, தங்கும் விலங்கைப் பொறுத்தும், உள்ளே எத்தனை புழுக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன என்பதைப் பொறுத்தும் அளவில் மாறும். எலிக்குள்ளே சின்னதா இருக்குன்னு தனி இனமாக்கினா, ஒரே புழுவுக்கு ரெண்டு பெயர் வந்துடும். அதனால்தான் இப்போது உடலமைப்போடு டிஎன்ஏ, வாழ்க்கைச் சுழற்சி, இடையில் வளரும் நத்தை எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நமக்கு என்ன?

சாண்ட்லர் 1958-ல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்றும் முக்கியம். இனம் தப்பானா, மருந்து யாருக்கு, மனுஷனுக்கா பன்றிக்கா என்பதும் தப்பாகிடும். பன்றியை மட்டும் கவனிச்சு வயல் எலியை விட்டுட்டா, நத்தை இருக்கும் தண்ணீர் வழியா புழு திரும்ப வந்துடும்.