மூன்றாம் வகுப்பும் முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிளும்

சென்ற செமஸ்டர் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது அண்ணனின் மோட்டார் சைக்கிள் பின்வாசலில் சாக்கு போர்த்திக் கிடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

எங்கள் வீடு கோல சிலாங்கூர் மாவட்டத்தில், பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. அப்பா இன்றும் அந்த ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். அண்ணன் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறார். என்னைவிட வயதில் மூத்த 250 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, கைப்பிடியைத் தாழ்த்தி, முன்பக்கம் கூடு கட்டி, பந்தய வண்டியைப் போல் ஆக்கினார். பிறகு 660 சிசி ஜப்பானியக் காரிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்றையும் அதில் பொருத்தினார்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் இரண்டு நடை பறந்த வண்டி, மூன்றாம் நடையில் இறுகி நின்றுவிட்டது. நல்லவேளை, அண்ணனுக்கு அடி எதுவும் இல்லை. எஞ்சினைத் திறந்து பார்த்தால் பிஸ்டனின் தலையில் ஓர் ஓட்டை. ஏழு மாதச் சேமிப்பு அந்த ஓட்டை வழியாகப் போயிற்று. படிக்காதவனுக்கு இந்த வேலை எதற்கு என்று அப்பா ஒரே ஒரு முறை கேட்டாராம். காசு போனதைவிட அந்தக் கேள்விதான் அண்ணனை அதிகம் சுட்டது. அதன் பிறகு அவர் வண்டிப் பக்கமே போகவில்லை.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அந்த விடுமுறையில் அண்ணனுக்கு நான் சொன்ன ஒருவரின் வாழ்க்கையை உங்களுக்கும் சொல்கிறேன். அவரும் மூன்றோடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் மூன்றாம் படிவத்தோடு அல்ல, மூன்றாம் வகுப்போடு. அவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வயலில் வேலை செய்துகொண்டு, கையில் கிடைத்ததைப் படித்துக்கொண்டு வளர்ந்தார்.

இருபது வயதை ஒட்டிய காலத்தில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வருவதை அவர் பார்த்தார். ரட்ஜ், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரான வண்டி. ஒற்றை சிலிண்டர், ஏறக்குறைய 500 சிசி. பின்சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி அல்ல, ஒரு வார்ப்பட்டை. 1914-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை வென்றதும் ரட்ஜ்தான். மாட்டு வண்டிகள் மட்டுமே ஓடிய மண் சாலையில், இழுக்க மாடும் இல்லாமல் மிதிக்கக் காலும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி அவரைப் பிடித்துக்கொண்டது.

வாங்கப் பணமில்லை. வயல் வேலையை விட்டுவிட்டுக் கோவைக்குப் போய், ஓர் உணவகத்தில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இலை போட்டு, தண்ணீர் வைத்து, முந்நூறு ரூபாய் சேர்த்து அந்த வண்டியை வாங்கினார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன். வாங்கிய வண்டியில் ஊரைச் சுற்றுவதோடு அவர் நிற்கவில்லை. அதை முழுவதுமாகக் கழற்றிப் பார்த்தார். மறுபடி பூட்டினார். ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டார். அவருக்கு அதுதான் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, பல்கலைக்கழகம் எல்லாம்.

பருத்தி வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய் வரை போய் அந்தப் பணத்தை இழந்தும் வந்தார். 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு மறுபடி தொடங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தானே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளில் ஒரு பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியவருக்குப் பேருந்தின் எஞ்சின் அந்நியமாக இருந்திருக்காது.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. நூற்பாலைகளுக்கும் விவசாயக் கிணறுகளுக்கும் மின்மோட்டார் தேவைப்பட்டது. அவையெல்லாம் கப்பலில் வந்த காலம் அது. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. இன்று மோட்டார் பம்பு என்றாலே கோவை என்று சொல்லும் அளவுக்கு அந்த நகரம் வளர்ந்திருப்பதன் தொடக்கம் அங்கே இருக்கிறது.

அவர் கை வைக்காத பொருள் குறைவு. உலர் மின்கலத்தில் ஓடும் ரசந்த் என்ற சவரக் கருவி, மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்கம் உரிமம் தரவில்லை. அந்தக் கார் சாலைக்கு வராமலே போனது.

இந்த இடத்தில் அண்ணன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அனுமதியின்றி எஞ்சினை மாற்றினால் நம் நாட்டிலும் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவர் தோட்டத்துச் சாலையைத் தாண்டி ஓட்டவில்லை. நாயுடுவுக்கே அனுமதி கிடைக்கவில்லை என்பது அவருக்கு ஏதோ ஓர் ஆறுதலாக இருந்தது போலும்.

மூன்றாம் வகுப்பு படித்த அந்த மனிதர் செய்த இன்னொரு காரியத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர் கல்லூரி தொடங்கினார். 1945-இல் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வராகவும் அவரே இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டே ஆண்டுகளில் கற்பிக்க முடியும் என்பது அவருடைய வாதம். அன்றைய அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இந்த ஒன்றில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அதற்கு அண்ணனின் பிஸ்டனே காரணம். டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையால் சுழலும் ஒரு சிறு விசிறி. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் வெப்பம் எல்லை மீறும். கலவை நேரம் தவறி வெடித்து பிஸ்டனைத் துளைக்கும். ஹோண்டா நிறுவனம் 1982-இல் சிஎக்ஸ் 500 டர்போவை வெளியிட்டபோது, கார்புரேட்டரை விட்டுவிட்டுக் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் முறையைப் பொருத்தியது இதனால்தான். அண்ணன் பழைய கார்புரேட்டரையே, அதே ஜெட்டோடு வைத்திருந்தார். அவருடைய கை தவறு செய்யவில்லை. ஒரு கணக்கு விட்டுப்போயிருந்தது. அந்தக் கணக்கை நான் இரண்டாம் ஆண்டில்தான் படித்தேன். ஆனால் இன்றுவரை ஓர் எஞ்சினைத் தனியாகக் கழற்றிப் பூட்ட எனக்குத் தெரியாது.

மாணவ நண்பர்களே, நாயுடு மூன்றாம் வகுப்புதான் படித்தார் என்ற செய்தியைப் படிப்பை விடுவதற்குச் சாக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வகுப்பறையை விட்ட பிறகும் கற்பதை அவர் ஒரு நாளும் விடவில்லை. விட்டிருந்தால் கல்லூரி கட்டியிருக்க மாட்டார். அதே சமயம், பட்டறையில் வேலை செய்பவரைப் படிக்காதவர் என்று ஒதுக்குபவர்களும் அவருடைய வாழ்க்கையை ஒரு முறை படிக்க வேண்டும். 1974 ஜனவரி 4-இல் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகம் இன்றும் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது.

இப்போது வாரக் கடைசிகளில் நான் வீட்டுக்குப் போய்விடுகிறேன். அண்ணன் வண்டியைக் கடைசித் திருகாணி வரை கழற்றிவிட்டார். பாகங்களைக் காலி மைலோ டின்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். அவர் கழற்றுவதை நான் கற்றுக்கொள்கிறேன். என் வெப்ப இயக்கவியல் புத்தகத்தை நான் தமிழில் விளக்க, அவர் கேட்டுக்கொள்கிறார். டர்போ இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. முதலில் வண்டி பழையபடி ஓட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

மலேசியத் திறன் சான்றிதழ் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரம் ஒன்று பாதி நிரப்பிய நிலையில் மேசைமேல் கிடக்கிறது. சபாக் பெர்ணமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக்கில் சேர என்ன தகுதி வேண்டும் என்றும் அண்ணன் ஒரு நாள் விசாரித்தார். அப்பா அந்தப் பாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், மைலோ டின்கள் மழையில் நனையாதபடி பின்வாசலுக்கு மேலே இரண்டு தகரம் அடித்திருந்தார்.