தன்மப் பணியில் அயோத்திதாச பண்டிதர்

ஓசூருக்கு அணித்தாய், கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் வழங்கும் ஆனேக்கல் வட்டாரத்தில், பௌத்தம் அண்மையில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த மார்க்கம் என்று எண்ணுவோர் உளர். பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தமிழ் மக்கள் திரிசரணம் ஓதினர் என்பதை அவர்கள் அறியார். அதற்கு வித்திட்டவர் சென்னை இராயப்பேட்டையில் இருந்து தொண்டாற்றிய அயோத்திதாச பண்டிதர். சமயப் பணியைத் தலைமேற்கொள்வோர் எவற்றை இழக்க நேரும், எதனைப் பெறுவர் என்பதற்கு அப்பெரியாரின் வாழ்வு தக்க சான்றாதலின், அதனைச் சுருக்கி ஈண்டு வரைகின்றோம்.

பண்டிதர் 1845-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழ் கற்பித்த வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராச பண்டிதர்பால் கொண்ட பக்தியினால், ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பாட்டனார் கந்தப்பன் என்பவர் தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச் சுவடியை ஆரிங்டன் துரை வாயிலாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என்று பண்டிதரே எழுதி வைத்துள்ளார். இத்தகைய கல்விக் குடும்பத்தில் பிறந்தும், தீண்டாமையின் கொடுமையினின்று அவர் தப்பினாரல்லர். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் பயின்றார். சித்த மருத்துவத்தில் தேர்ந்தார்.

இளமையில் அவர் நாடியது பௌத்தமன்று. நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், 1870-ஆம் ஆண்டளவில், அத்வைதானந்த சபையை நிறுவினார். 1885-இல் ஜான் ரத்தினம் அவர்களுடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, ஒடுக்கப்பட்டோருக்கு வேண்டுவனவற்றைத் தீர்மானங்களாக வரையச் செய்தார். அடுத்த ஆண்டு சென்னையில் கூடிய மகாஜன சபையில், தம் மக்களுக்குக் கல்வியும் நிலமும் கோரியதோடு, விஷ்ணு, சிவன் ஆலயங்களில் நுழையும் உரிமையும் வேண்டும் என்று எழுந்து பேசினார். ஆலய உரிமைக்கு அவையினர் இணங்கவில்லை. அத்தெய்வங்கள் உங்களுக்கு உரியனவல்ல என்னும் பொருள்பட மறுமொழி வந்தது. மூடிய கதவின் முன் நின்று மன்றாடுவதா, தமக்கென்று முன்னோர் வைத்துச் சென்ற இல்லத்தைத் தேடிக் காண்பதா என்ற வினா அன்று அவருள் எழுந்தது என்று நாம் கருதுகின்றோம்.

விடை கிட்டுவதற்கு ஆறு ஆண்டுகள் சென்றன. 1898-இல் பண்டிதர், ஆசிரியர் கிருஷ்ணசாமியார் முதலியோருடன் அடையாறு சென்று கர்னல் ஆல்காட்டைக் கண்டு, தம் மக்கள் பூர்வத்தில் பௌத்தர்கள் என்றும், அந்நெறிக்கு மீள உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆல்காட் அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். மாளிகாகந்தையில் சுமங்கல மகாதேரர் திருமுன் அவர்கள் பஞ்சசீலம் ஏற்றனர். அப்போது பண்டிதருக்கு வயது ஐம்பத்து மூன்று. பலர் ஓய்வை எண்ணும் பருவத்தில் அவர் புதியதொரு சுமையை ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

இனி அவர் பட்ட இன்னல்களைக் கூறுவோம். பிறர் எதிர்ப்பதைத் தாங்குவது எளிது. உற்றார் உடன் வாராமையைத் தாங்குவது அரிது. உறவில் மைத்துனரும், 1893-இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கியவருமாகிய இரட்டைமலை சீனிவாசன், மக்கள் உரிமைக்கு அயராது உழைத்தவரேயாயினும் மதம் மாறும் வழியை ஏற்கவில்லை. பேராசிரியர் இலட்சுமி நரசு, சிங்காரவேலர் போன்ற பௌத்த அன்பர்களோடும் கருத்து வேற்றுமை நேர்ந்தது. அவர்கள் பகுத்தறிவு ஒளியில் தன்மத்தை விளக்கினர். பண்டிதரோ தமிழ் இலக்கியத்திலும் நிகண்டிலும் ஊர்வழக்கிலும் புதைந்து கிடந்த பௌத்தத்தை அகழ்ந்தெடுக்க முயன்றார். போகி, தீபாவளி, கார்த்திகைத் தீபம் ஆகியவற்றுக்கும் பௌத்தப் பொருள் உரைத்தார். அவர் கூறிய சொற்பொருள்கள் அனைத்தையும் இன்றைய ஆராய்ச்சியாளர் ஒப்புவதில்லை. எனினும், இழிந்தோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கு ஒரு வரலாறு உண்டென்று தலைநிமிர்ந்தது அவரது எழுத்தினாலேயே என்பதை எவரும் மறுப்பதில்லை.

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை பெயரிலேயே உள்ளது. மறு ஆண்டு அது தமிழன் எனப் பெயர் சுருங்கிற்று. கையில் நாடி பார்த்து நோயாளருக்கு மருந்தளிப்பதும், அக்கையாலேயே வாரந்தோறும் இதழுக்கு எழுதுவதுமாக அவர் முதுமை கழிந்தது. இந்திரர் தேச சரித்திரமும், புத்தரது ஆதிவேதமும் இவ்விதழில் தொடர்ந்து வெளிவந்தவையே. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தம்மைப் பௌத்தர் என்று பதிந்துகொள்ளுமாறும் மக்களைத் தூண்டினார்.

அவருக்குக் கிடைத்த பயன் யாது? பொருளுமன்று, பட்டமுமன்று. பூமியின் அடியில் பொன் அகழ்ந்த தங்கவயல் தொழிலாளர் அவ்விதழை வாங்கிப் படித்தனர். மாரிக்குப்பத்தில் சங்கம் கண்டனர். பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆகிய இடங்களிலும் கிளைகள் தோன்றின. கல்லாதார் என்று இகழப்பட்டோர் ஞாயிறுதோறும் கூடித் தன்மம் கேட்டனர்; சாதி கேளாத திருமணங்களைச் சீலம் ஓதி நடத்தினர். இவையே அவர் பெற்ற ஊதியம்.

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவருக்குப்பின் தளர்ந்த தமிழன் இதழை, 1926 முதல் தங்கவயலில் அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது. பாபாசாகேப் அம்பேத்கர் 1956-இல் நாகபுரியில் தீட்சை ஏற்றதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் முன்னரே நடந்த இச்செயல், நெடுங்காலம் பலரால் மறக்கப்பட்டிருந்தது. 1999-இல் ஞான அலாய்சியஸ் அவர் எழுத்துக்களைத் திரட்டி வெளியிட்ட பின்னரே கற்றோர் கவனம் அவர்பால் திரும்பிற்று. 2005-இல் அஞ்சல் தலை வெளிவந்தது. 2023-இல் சென்னை கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது.

விதைத்தவர் விளைச்சலைக் காணாது போவதுண்டு. அதற்காக விதைப்பை நிறுத்துவோர் உழவராகார். நம் ஆனேக்கல் வட்டாரத்தில் பத்துப்பேர் கூடும் சிறு கூட்டத்தைக் கண்டு மனம் சோரும் அன்பர்கள், இராயப்பேட்டையில் ஒரு பைசா இதழோடு தொடங்கிய அம்முதியவரை நினைப்பார்களாக. கூட்டத்தின் அளவு நம் கையில் இல்லை. பணி நம் கையில் உள்ளது. தன்மம் தழைக்க.