பந்தெறி வீரர் கிறிஸ்ரி மத்தியூசன்

நம்மவர் அதிகம் ஆடியறியாத பேஸ்போல் விளையாட்டிலே பந்தெறிபவரின் பொறுப்பு, கிறிக்கெற்றிற் பந்து வீசுபவரின் பொறுப்பினும் பாரமானது. முற்காலத்தில் ஒருவரே பெரும்பாலும் ஆட்டம் முழுவதும் எறிவார். அணி வென்றால் வெற்றி அவர் பெயரிற் பதியும். தோற்றால் தோல்வியும் அவ்வாறே. தோழன் கைநழுவ விட்ட பந்தாற் கெட்ட ஆட்டமும் அவர் கணக்கிலேயே சேரக்கூடும். இத்தகைய கணக்கில் 373 வெற்றிகளும் 188 தோல்விகளும் பெற்ற கிறிஸ்ரி மத்தியூசனின் வரலாற்றையே நாம் இங்கு கூறப் புகுந்தோம்.

அவர் 1880 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பக்ரறிவில் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். பக்னெல் சர்வகலாசாலையில் மாணவராயிருந்தபோது விளையாட்டில் மட்டுமன்றி இலக்கியச் சங்கங்களிலும் பெயர் பெற்றார். பந்தாட்டத் தொழிலாளர் என்றாற் குடியரும் கலகக்காரருமே எனப் பலர் எண்ணிய காலம் அது. ஞாயிற்றுக்கிழமையிற் பந்தெறிவதில்லை என்ற விரதம் பூண்ட இவ்விளைஞர் அவர்களிடையே புதுமையாகவே தோன்றியிருப்பார்.

1900 இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியிற் சேர்ந்தார். அவ்வாண்டு மூன்று தோல்விகள். வெற்றி ஒன்றேனும் இல்லை. மறு ஆண்டிலோ 20 வெற்றிகள். 1903 முதல் மூன்றாண்டுகளில் முறையே 30, 33, 31. 1905 ஆம் ஆண்டின் உலகத் தொடரிலே பிலடெல்பியா அணியை எதிர்த்து ஆறு நாள்களுள் மூன்று ஆட்டங்கள் எறிந்தார். மூன்றிலும் எதிரிகள் ஓர் ஓட்டமேனும் பெறவில்லை. ஒரே உலகத் தொடரில் வேறெவரும் இன்றுவரை இதனைச் செய்ததில்லை.

அவருடைய வல்லமை வேகத்திலன்று, அடக்கத்திலேயே இருந்தது என்பது எமது துணிபு. எறிபவர் நான்கு பந்துகளைக் குறிதவற எறிந்தால் அடிப்பவர் இலவசமாக முதலாந் தளத்தை அடைவார். 1913 இல் 306 இனிங்ஸ் எறிந்த மத்தியூசன் 21 முறையே அவ்வாறு விட்டுக்கொடுத்தார். வலக்கையால் அடிப்பவரை நோக்கி உள்ளே வளைந்து வீழும் ஒரு பந்தும் அவரிடமிருந்தது; கைக்கு நோவு தருவதாகையால் அதனை அளவோடே எறிவார்.

1908 இல் 37 வெற்றிகள் பெற்றார். ஆயினும் இளந்தோழன் மேர்க்கிள் இரண்டாந் தளத்தைத் தொடாது போனமையாற் கைக்கெட்டிய ஒரு வெற்றி செல்லாதாயிற்று. சிக்காகோ அணியுடன் மீண்டும் ஆடியபோது மத்தியூசன் தோற்றார். 1912 ஆம் ஆண்டின் உலகத் தொடரோ இன்னுங் கொடியது. மூன்று ஆட்டங்களை முழுமையாக எறிந்த அவர்மீது நியாயமாகச் சுமத்தக்க ஓட்டங்கள் மூன்றே. எனினும் ஒன்று சமநிலை, இரண்டு தோல்வி. இறுதியாட்டத்தின் பத்தாவது இனிங்ஸில், வெற்றி நெருங்கிய வேளையிலே, சினோட்கிறாஸ் இலகுவான பந்தொன்றைத் தவறவிட்டார்.

1916 இல் சின்சினாற்றி அணியின் முகாமையாளரானார். 1918 இல் தம் அணியின் ஹால் சேஸ் என்னும் தேர்ந்த ஆட்டக்காரர் வேண்டுமென்றே சோர்ந்து ஆடுவதாகக் கண்டு அவரை இடைநிறுத்தினார். விசாரணை வந்தபோது மத்தியூசன் பிரான்சில், இரசாயனப் போர்ப் பிரிவின் கப்டனாக இருந்தார். சாட்சி சொல்ல அவரில்லை, சேஸ் விடுவிக்கப்பட்டார். 1919 இல் உதவிப் பயிற்சியாளராக ஜயன்ற்ஸுக்கு மீண்ட மத்தியூசன், அங்கே அதே சேஸ் ஆடுவதைக் காண நேர்ந்தது! அவ்வாண்டின் உலகத் தொடரைப் பத்திரிகையாளரோடு அமர்ந்து பார்த்து, ஐயத்துக்கிடமான ஆட்டங்களைக் குறித்துக்கொண்டார். சிக்காகோ வீரர் சிலர் பணம் பெற்றுத் தோற்றமை மறு ஆண்டு வெளியாயிற்று.

பின்பு அவரைக் காசநோய் பற்றியது. பிரான்சிற் சுவாசித்த நச்சுவாயுவே காரணம் என்பர் பலர். அவர் தம்பி ஹென்றியும் 1917 இல் அந்நோயினாலேயே இறந்தவர் என்பதை மறத்தலாகாது. சாரனாக் லேக் என்னும் மலைப்புறத்து ஊரிற் சிகிச்சை பெற்ற அவர், 1925 ஒக்டோபர் 7 ஆந் திகதி, உலகத் தொடர் தொடங்கிய நாளிலேயே காலமானார். வயது 45.

அன்று அவர் கணக்கில் இருந்தவை 372 வெற்றிகளே. 1929 இல் அலெக்சாந்தர் என்னும் வீரர் 373 ஆவது வெற்றியைப் பெற்று அவரை விஞ்சிவிட்டதாக மகிழ்ந்தார். அதன்பின் அவருக்கு வெற்றி வாய்க்கவில்லை. 1940களிற் பழைய ஏடுகளை ஆராய்ந்தோர், 1902 ஆம் ஆண்டின் ஒரு வெற்றி மத்தியூசனுக்கு எழுதப்படாது விடுபட்டதைக் கண்டனர். இருவர் பெயரும் இப்போது ஒரே எண்ணுடன் அருகருகே நிற்கின்றன.