மருந்தின் தரம் காத்த மாமனிதர்

மருந்தின் தூய்மையைக் கண்ணால் கண்டறிய இயலாது. நம்பி உட்கொள்ளும் மாத்திரையில் மருந்துப்பொருள் குறைந்திருந்தால் பிணி தீராது. உயிருக்கும் ஊறு நேரும். இதனை உணர்ந்து, மருந்தின் தரத்திற்குச் சட்டத்தின் காவல் வேண்டும் என வலியுறுத்தியவர் இராம்நாத் சோப்ரா.

1882ஆம் ஆண்டு குஜ்ரன்வாலாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று மருத்துவரானார். பின்னர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியராகி, இந்திய மூலிகைகளை ஆய்வகத்தில் பகுத்தாராய்ந்தார்.

அக்காலத்தில் கலப்பட மருந்துகளும் வீரியம் குன்றிய மருந்துகளும் சந்தையில் மலிந்திருந்தன. அவற்றைத் தடுக்க நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. 1930இல் அரசு அமைத்த மருந்து விசாரணைக் குழுவுக்குச் சோப்ரா தலைமையேற்றார். பொதுவான சட்டம், மருந்தைச் சோதிக்கும் ஆய்வகங்கள், மருந்தாளுநர்க்கு முறையான கல்வி ஆகியவற்றை அக்குழு 1931இல் பரிந்துரைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1940இல் மருந்துச் சட்டம் பிறந்தது. உரிமம் பெற்றோரே மருந்து தயாரிக்கலாம். ஆய்வாளர் ஆலைக்குள் சென்று மாதிரி எடுக்கலாம் என்னும் நெறிகள் நிலைபெற்றன.

சோப்ரா 1973இல் மறைந்தார். இன்று மருந்தட்டையில் நாம் காணும் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் அச்சட்டத்தின் வழிவந்த காவல்களே.