சுதுமலை கறோல் விசுவநாதபிள்ளை

எமது திருநெல்வேலியிலிருந்து கொக்குவிலைக் கடந்து வடமேற்கே சென்றால் வருவது சுதுமலைக் கிராமம். 1820 இல் அங்கு ஒரு சைவக் குடும்பத்திலே அவதரித்தவர் விசுவநாதபிள்ளை அவர்கள். நாவலர் பெருமானை அறியாத சைவப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் அவரை எழுத்திலே எதிர்த்து நின்று, பின்னர் அவர் பக்கமே வந்து சேர்ந்த இப்பெரியாரை இன்று நினைப்பவர் சிலரே.

அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற இவர் கிறிஸ்தவரானார். அக்காலத்தில் அங்கு படித்த பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரப் பெயரொன்றைச் சூட்டுவது வழக்கம்; கறோல் என்பது அவ்வாறு வந்ததே. கணிதத்தில் மகா சமர்த்தர். 1855 இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். சென்னைச் சர்வகலாசாலை 1857 இல் முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் இவருமே தேறினர். இரண்டு இடமும் யாழ்ப்பாணத்தாருக்கு!

மிஷனரிமாரின் உதயதாரகைப் பத்திரிகைக்கும் இவர் ஆசிரியராக இருந்தார். சைவத்தைத் தூஷித்தோருக்கு விடையாக நாவலர் 1854 இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, அதனைக் கண்டித்துச் சுப்பிரதீபம் என்னும் நூலை எழுதியவர் இவரே. ஊரறிந்த பண்டிதர் ஒருவர் தமது பெயரோடு அச்சிட்டு வெளியிட்ட கண்டனம் அது. வாயால் சொன்னதை மறந்துவிட்டதாகப் பாவனை செய்யலாம். அச்சேறியதை அப்படிச் செய்ய இயலாது.

அத்தகையவர் பின்னாளில் தாம் எழுதியது தவறென உணர்ந்து சைவத்துக்கு மீண்டார். அதுவும் மறைவாக அன்று. தாம் எதிர்த்த நாவலரையே அடைந்தார். சிவதூஷணம் செய்த நாவுக்குப் பிராயச்சித்தமாகப் பொன்னூசியைக் காய்ச்சி அதனாற் சுடுவித்துக்கொண்டார் என்பது எம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்டுத் திரும்பிய அப்பரடிகளின் வரலாறு இங்கே அடியார்களுக்கு நினைவு வரும்.

நாவலரும் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்து, அப்பணியை விட்டுச் சைவப்பணிக்கு வந்தவர்தாம். கண்டனத்தில் எவருக்கும் தயை காட்டாத அப்பெருமான், திரும்பி வந்தவரை விலக்கவில்லை. எம்மைக் கேட்டால், கண்டன நூல்களில் எவர் வென்றார் என்பதிலும் இதுவே பெரிது.

நாவலர் 1879 இல் சிவபதமடைந்தார். அடுத்த ஆண்டு, 1880 இல், விசுவநாதபிள்ளையும் சைவராகவே இறைவனடி சேர்ந்தார்.